நாவலைப் படித்துவிட்டுப் படத்தை ரசிப்பது எப்படி? ஆலோசனை தேவை

நண்பர்களே, படித்த நாவல் படமாக வந்தால் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில், சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். கடைசி வரை வரவில்லை. கல்கி கதையில் மணிமுடி அவன் தலைக்கல்லவா போகும்! படத்தில் மதுராந்தகனுக்கே சூட்டிவிட்டார்கள். ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடக்க வேண்டும் என்றால் யாரையாவது வெட்டத்தான் வேண்டும், புரிகிறது. ஆனாலும் பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பாமல் இருக்க முடியவில்லை (பாவம், அவர் நாவல் படிக்காதவர்).

இதில் வேடிக்கை, ‘உதிரிப்பூக்கள்’ பார்த்தபோது இந்தத் தொல்லையே இல்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மகேந்திரன் அவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டதால், ஒப்பிடவே தோன்றவில்லை. ஒட்டி எடுத்தால்தான் எனக்குச் சிக்கல் போல.

இப்போது பூமணியின் ‘வெக்கை’ முடித்திருக்கிறேன். அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிற அந்த நாட்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ படத்தை இன்னும் பார்க்கவில்லை. உடனே பார்க்கலாமா, இல்லை கொஞ்ச நாள் ஆறப்போடுவது நல்லதா? இரண்டையும் ரசித்தவர்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், புத்தகம், படம் இரண்டுமே உங்களுக்குப் பிடித்த வேறு தமிழ்ப் படங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். சின்ன நாவலாக இருந்தால் இன்னும் நல்லது.