பள்ளியை இணைக்கிறார்கள், காலையில் பிள்ளையை யார் அனுப்புவது?

ஈரறைவாசி:
மகன் தொடக்கநிலை 3. கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் பள்ளி. எனக்குத் துப்புரவு வேலை, 6 மணிக்கே கிளம்பிவிடுவேன். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கதவைத் தட்டி எழுப்பிவிடுவார், அவனே நடந்து போய்விடுவான். இப்போது கடிதம் வந்திருக்கிறது: பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், வேறு பள்ளியோடு இணைக்கிறார்களாம். ஆறு பேருந்து நிறுத்தம், நடுவே பெரிய சாலை. அங்கே வசதி அதிகம் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். காலையில் நான் என்ன செய்வது?

மூன்றாம்மாடி:
சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் இருக்கிறீர்களா? பள்ளி மாறினாலும் அது உண்டு. பள்ளிப் பேருந்துக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள். ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். அப்புறம், பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இப்போதே இடம் கேளுங்கள். எங்கள் பள்ளி இணைந்தபோது நான் பள்ளி திறக்கும் ஜனவரியில் போய் நின்றேன், காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். நான்கு மாதம் என் மகள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். அங்கே சீட்டாடும் தாத்தாக்களுக்கு அவள் பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடம்.

பழையமாணவன்:
சிகாகோவில் 2013இல் ஒரே வீச்சில் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூடினார்கள், பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில். கும்பல்களின் எல்லைகளைத் தாண்டிப் பிள்ளைகள் நடக்க வேண்டியிருந்ததால் வழியெல்லாம் காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை. இங்கே பிள்ளைகளே பிறப்பதில்லை, 2023இல் கருவள விகிதம் 0.97, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை. ஆனால் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு 2018இல் சொன்ன ஒன்று உங்களுக்கும் பொருந்தலாம்: மூடப்போவதாக அறிவித்த ஆண்டில்தான் பிள்ளைகளின் மதிப்பெண் அதிகம் சரிந்ததாம், இடம் மாறிய பிறகு அல்ல. ஆகவே இந்த ஆண்டே பையனைக் கவனியுங்கள்.

ஈரறைவாசி:
நீங்கள் சொன்னதும்தான் உறைத்தது. போன வாரம் எழுத்துக்கூட்டலில் 10க்கு 3. கேட்டால், "டீச்சரே வேறு பள்ளிக்குப் போறாங்கம்மா" என்கிறான். சிற்றுண்டிச்சாலை ஆன்ட்டி இவனுக்கென்று ஒரு முட்டை எடுத்து வைப்பார், அவரும் புதுப் பள்ளிக்கு வரமாட்டாராம். இதற்கெல்லாம் எந்தப் படிவத்தை நிரப்புவது!

பேருந்து விசாரித்தேன், 6.20க்குப் புளோக் அடியில் வருமாம். சாலை ஓரம், இருட்டு. மக்சிக்குக்கு முட்டிவலி, கீழே இறங்கி நிற்கச் சொல்ல மனம் வரவில்லை. அரை மணி நேரம் தாமதமாக வரலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.