மாஸ் எஃபெக்ட் 3 முடிவு: உங்களுக்குத் தியரி சொன்னவர் யார்?

பெருங்குடிக்காரன்

2012-இல் எங்கள் ஆபீஸில் நாலைந்து பேர் இந்த விண்வெளி வீடியோ கேமில் ஊறிக் கிடந்தோம். 2007-இல் வந்த முதல் பாகத்தில் எடுத்த முடிவுகள் பதிவான சேவ் ஃபைலை மூன்றாம் பாகம் வரை பத்திரமாகக் கொண்டுவந்த கூட்டம். யாரைக் காப்பாற்றினோம், யாரைச் சாகவிட்டோம் என்பதற்கெல்லாம் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள் என்ற நம்பிக்கை. வந்தது என்ன? ஒளியால் ஆன ஒரு பொடியன் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழி காட்டுகிறான். எதில் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, வெடிப்பின் நிறம்தான் வேறு. (ரசிகர்கள் அந்த மூன்று நிறத்தில் சுமார் 400 கப்கேக் செய்து, ஆட்டத்தை உருவாக்கிய பயோவேருக்கே அனுப்பினார்கள். எல்லாம் ஒரே ருசி. அந்தக் குசும்பு எனக்கு இன்றும் பிடிக்கும்.)

எங்கள் டீமில் ஒரு டெஸ்டர் இருந்தான். எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் டீக்கடையில் வைத்து, "மச்சான், அது முடிவே இல்லடா. ஷெப்பர்டு இன்னும் மயக்கத்துல கிடக்கான்" என்றான். ஷெப்பர்டுதான் நாம் ஆடும் ஹீரோ. இது அப்போது இணையமெங்கும் ஓடிய இன்டாக்ட்ரினேஷன் (மூளைச்சலவை) தியரி. ரீப்பர்கள் என்ற ராட்சத எந்திர எதிரிகளின் அருகில் இருந்தாலே மனசு மெல்ல மெல்ல அவற்றின் வசமாகிவிடும் என்பது முதல் பாகத்திலேயே வந்துவிட்ட விஷயம். ஹார்பிஞ்சர் என்ற ரீப்பரின் கதிர் பட்டு விழுந்தபின் நாம் பார்ப்பதெல்லாம் ஷெப்பர்டின் தலைக்குள் நடக்கும் சண்டை என்பது வாதம்.

பயல் எக்ஸெல் ஷீட்டே போட்டிருந்தான். பக் ரிப்போர்ட் எழுதுகிற கை இல்லையா, ஒரு பக்கம் 'எதிர்பார்த்தது', மறுபக்கம் 'நடந்தது'. எழுந்தபின் கையில் இருக்கும் துப்பாக்கிக்குக் குண்டே தீர்வதில்லை. கனவுக் காட்சிகளில் வந்த மாதிரியே செடிகள், அதுவரை இல்லாத இடத்தில் நிற்கின்றன. ஷெப்பர்டின் பழைய தளபதி ஆண்டர்சனின் வயிற்றில் சுட்டால், கொஞ்ச நேரத்தில் ஷெப்பர்டின் வயிற்றோரம் ரத்தம்.

நான் அசந்துபோனது நிறத்தில்தான். மூன்று பாகத்திலும் நல்ல பிள்ளைக்கு நீலம், முரடனுக்குச் சிவப்பு. கடைசியில் மட்டும் ஆண்டர்சன் விரும்பியபடி ரீப்பர்களை அழிக்கும் வழிக்குச் சிவப்பு, எதிராளி விரும்பியபடி அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிக்கு நீலம்! அந்தச் சிவப்பை எடுத்து, படைபலமும் போதுமான அளவு சேர்த்திருந்தால்தான் இடிபாட்டுக்குள் யாரோ மூச்சு இழுக்கும் அந்தக் கடைசி நொடி கிடைக்கும்.

எங்கள் லீடு ஷீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இதெல்லாம் க்ளூ இல்லப்பா, டெட்லைன்" என்றார். ரிலீஸ் நெருக்கத்தில் எதையெல்லாம் அப்படியே தள்ளிவிடுவார்கள் என்று அறிந்த மனிதர். நானும் அவர் கட்சிதான். ஆனால் ஷீட்டைப் பார்த்த பிறகு கடைசி ஒரு மணி நேரத்தை மறுபடி ஆடியபோது, முதலில் வராத பயம் வந்தது. அதற்காகவே அந்தத் தியரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மடிப்பாக்கம் மகா

எங்கள் வீட்டில் என் தம்பி. கடைசியில் வரும் ஒளிப்பொடியன் எந்தப் பையனின் உருவில் வருகிறானோ, அவன் முதல் காட்சியில் விண்கலத்தில் ஏறும்போது ஒருத்தர்கூடக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை, ஷெப்பர்டைத் தவிர யார் கண்ணுக்கும் அவன் தெரியவே இல்லை என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் விளக்குவான். அம்மா, "ரசம் ஆறுது" என்பார்.

எனக்கு எரிச்சல்தான். பிடித்த ஹீரோவின் படம் ஊத்திக்கொண்டால், "டைரக்டர் உள்ளே லேயர் வெச்சிருக்கார், உனக்குப் புரியல" என்று சண்டைக்கு வருவார்களே, அதேதான் இதுவும். சொதப்பியது எழுதியவர்கள், ஓட்டையை அடைக்கிறவன் காசு கொடுத்து வாங்கியவனா?

அந்த வருஷம் ஜூன் 26 அன்று, முடிவை விரித்துச் சொல்லும் 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற இணைப்பை இலவசமாக விட்டார்கள். கிட்டத்தட்ட 2 ஜிபி. அந்த மாத பிராட்பேண்ட் அளவில் பெரும்பகுதி அதற்கே போனது, அப்பாவிடம் திட்டு எனக்கு. எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்துவிட்டது, இனி வாயை மூடுவான் என்று பார்த்தேன். "கனவுன்னு சொல்லல, ஆனா கனவு இல்லன்னும் சொல்லலையே" என்றான். என்ன செய்வது!

கொளத்தூர் ஜூனியர்

அண்ணா, அக்கா, நான் ஆடியது, மூன்று பாகத்தையும் மெருகேற்றிச் சேர்த்து 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷன். அதில் எக்ஸ்டெண்டட் கட் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. அதனால் முடிவு கொஞ்சம் சப்பென்று இருந்ததே தவிர, ஆத்திரமெல்லாம் வரவில்லை. இதற்கா இத்தனை கலாட்டா என்று எங்கள் காலேஜ் சீனியரிடம் கேட்டேன். அவர் பதிலே சொல்லாமல் பழைய முடிவின் வீடியோவை யூடியூபில் போட்டுக் காட்டினார். ஷெப்பர்டின் விண்கப்பல் நார்மண்டி ஏன் போரை விட்டு ஓடுகிறது, என்னோடு தரையில் நின்ற ஆட்கள் எப்படிக் கப்பலுக்குள் போனார்கள், ஒன்றும் சொல்லவில்லை! இதைப் பார்த்தவர்கள் தியரி கட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பெருங்குடிக்காரன்

தம்பி, மூன்று வழியிலும் போகாமல் அந்தப் பொடியனைச் சுட்டுப் பார்த்தியா?

கொளத்தூர் ஜூனியர்

இப்பதான் சுட்டேன் அண்ணா. அதுவரை பையன் குரலில் பேசினவன் அப்படியே ஹார்பிஞ்சர் மாதிரி கர்ஜிக்கிறான். இதற்கு உங்க லீடு என்ன சொல்வார்?