'லாஸ்ட் க்ரூசேட்' எல்சா: பாத்திரம் எங்கே பிசகுகிறது?

கேள்வி (திரைக்கதைப்பித்தன்):
1989-இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த லாஸ்ட் க்ரூசேட்' படத்தில், நாயகன் ஜோன்ஸோடு சேர்ந்து ஏசுவின் கடைசி விருந்துக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டே நாஜிகளோடும் கைகோத்திருக்கும் எல்சா ஷ்னைடர் எனக்கு ஒரே ஆளாகவே தெரியவில்லை. வெனிஸில் தன் அறையைத் தானே கலைத்துப்போட்டு ஜோன்ஸை நம்பவைக்கிறாள். கோட்டையில் அவனிடமிருந்தே, கிண்ணத்துக்கு வழிகாட்டும் அவன் அப்பாவின் நாட்குறிப்பை உருவுகிறாள். பெர்லினில் புத்தகங்கள் எரியும்போது கண் கலங்குகிறாள். கடைசியில், நாஜிகளோடு சேர்ந்து கிண்ணத்தைத் தேடும் பணக்காரன் டோனவனுக்குத் தவறான கிண்ணத்தைக் கொடுத்துச் சாகவிட்டு, எச்சரிக்கையையும் மீறி நிஜக் கிண்ணத்தோடு, அதை எடுத்துக்கொண்டு தாண்டக் கூடாத கோயில் தரை முத்திரையைத் தாண்டுகிறாள். திருந்தினாளா இல்லையா?

மாறன்_எடிட்:
திருந்தவே இல்லை, திருந்த வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் "இவளுக்கு இப்போது என்ன வேண்டும்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வெனிஸ் முதல் கோயில் வரை பதில் ஒன்றுதான்: கிண்ணம். நாஜிகள் அவளுக்கு வழிச்செலவு. தங்கக் கிண்ணத்தைக் கொடுத்ததும் தெரிந்தே செய்தது. டோனவன் செத்ததும், அது தங்கத்தில் இருக்காது என்று அவளே சொல்கிறாள்.

கதைநூல்:
ஆசை மாறவில்லை, சரி. ஆனால் டோனவனைக் கொல்லும் அளவுக்கு எப்போது துணிந்தாள்? பெர்லினில் ஜோன்ஸ் அவள் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு கூச்சல் போட்டால் அவன் கதை முடிந்தது. அவள் போடவில்லை, நாட்குறிப்பும் கைவிட்டுப் போகிறது. அருமையான விதை, ஆனால் அதற்குப் பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றவே இல்லை. பெர்லினுக்கும் பாலைவனத்துக்கும் நடுவில் அரைப் பக்கக் காட்சி போதும், திரையில் அரை நிமிடம்: நாட்குறிப்பு எங்கே என்று டோனவன் கேட்கிறான், அவள் பொய் சொல்கிறாள். வசனத்தில் மனசாட்சி பேசவே வேண்டாம். அந்தப் பொய் ஒன்று இருந்தால் கிண்ணக் காட்சி திடீர்த் திருப்பமாக வராது.

செல்லுலாய்டு:
கதைநூல் சொன்ன காட்சியைச் சேர்க்கலாம். முடிவில் மட்டும் கை வைக்காதீர்கள். முத்திரையைத் தாண்டியதும் பிளந்த தரையில் தொங்கும்போது ஜோன்ஸ் அவள் கையைப் பிடித்திருக்கிறான், கையுறை நழுவுகிறது, அப்போதும் மறு கை கிண்ணத்தை நோக்கித்தான் நீள்கிறது. அடுத்த கணமே அதே இடத்தில் ஜோன்ஸ், அதே ஆசையோடு! எப்போதும் "ஜூனியர்" என்றே கூப்பிடும் அப்பா முதல்முறையாக "இண்டியானா" என்று அழைத்ததும் விட்டுவிடுகிறான். எல்சாவைத் திருத்திவிட்டால் அந்த அழைப்புக்கு எடையே இருக்காது.

நிஜமாகவே பிசகிய பாத்திரம் வேண்டுமென்றால் 2008-இல் வந்த அடுத்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் வில்லி இரினா ஸ்பால்கோவைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஜோன்ஸின் மனதைப் படிக்க முயன்று தோற்கிறாள். அதன்பின் துப்பாக்கிப் படையும் வாளும்தான். அந்தச் சக்தியால் கதையில் ஒரு திருப்பமும் நேர்வதில்லை. நடுப்பகுதியில் அது ஒருமுறையாவது பலித்து ஜோன்ஸுக்கு நஷ்டம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் காட்சியிலேயே வெட்டியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துகொள்ளத் துடித்து அந்த அறிவாலேயே எரிந்துபோகும் முடிவு அவளுக்குப் பொருத்தம்தான், அதற்கு மனதைப் படிக்கும் சக்தி தேவையே இல்லை.