திக்குவாய் ஜோக்

மாமா: காலையில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட திக்குவாய் ஜோக்கை அழித்தது யார்?

சித்தப்பா (அட்மின்): நான்தான் மச்சான். நாலு பேர் மனசு நோகும் என்று பட்டது. இனிமேல் குழுவில் வாழ்த்தும் குடும்பச் செய்தியும் போதும்.

மாமா: பேச்சுச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறதே! ஒவ்வொருவர் மனசையும் பார்த்துக்கொண்டிருந்தால் வாயே திறக்க முடியாது.

தம்பி: மாமா சொல்வதில் பாதி உண்மை. புண்படுத்துகிற, அதிர்ச்சி தருகிற பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 1976ல் ஹேண்டிசைடு என்ற பதிப்பாளர் பிரிட்டன் மீது போட்ட வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. (வழக்குப் போட்டவர் தோற்றுப்போனார், அது வேறு கதை.) ஆனால் அது அரசாங்கத்தின் கையைக் கட்டச் சொன்னது. கேட்டவர் பதில் பேசக் கூடாது என்று அதில் இல்லை.

அக்கா: சித்தப்பா, நீங்கள் அழித்திருக்க வேண்டாம். நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா: மாமா, அந்த ஜோக்கில் வருகிறவன் தன் பெயரைச் சொல்ல முடியாமல் தவிக்கிறான். என் மகனும் அப்படித்தான். மற்ற சொற்கள் வராவிட்டால் அதற்குப் பதில் இன்னொரு சொல்லைப் போட்டுச் சமாளிப்பான். பெயரை எப்படி மாற்றுவது? போன வாரம் புது ஆசிரியர் வருகிறார் என்று தெரிந்ததும், ராத்திரி கண்ணாடி முன் நின்று பெயரை மட்டும் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். முதல் எழுத்திலேயே தாடை இறுகி நின்றுவிடுகிறது.

மாமா: அவன் ஞாபகமே வரவில்லையம்மா. யாரையும் நினைத்துப் போடவில்லை.

அக்கா: தெரியும் மாமா. உங்கள் வாயை அடைக்க எனக்கு ஆசையில்லை. அரசாங்கத்தைத் திட்டுங்கள், என் கொள்கையைக் கிண்டல் செய்யுங்கள், சண்டை போடலாம். கருத்தை நான் மாற்றிக்கொள்ள முடியும். நாக்கை அவனால் மாற்றிக்கொள்ள முடியாது.

சித்தப்பா: அப்போ விதியே வேண்டாமா?

அக்கா: வேண்டாம். எல்லாரும் வாழ்த்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

தம்பி: அடி, விரட்டு என்று தூண்டிவிடும் ஃபார்வர்டுகளை மட்டும் அழியுங்கள் சித்தப்பா. இன, மத வெறுப்பைக் கிளப்பி வன்முறைக்குத் தூண்டும் பேச்சை குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 ஐ.நா. உடன்படிக்கையே சட்டத்தால் தடுக்கச் சொல்கிறது.

சித்தப்பா: அது சரி.

மாமா: சாயங்காலம் அவனுக்குப் போன் பண்ணட்டுமா?

அக்கா: பண்ணுங்கள் மாமா. சொல் வராமல் நின்றால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனே முடிக்கட்டும்.