காஸ் ஹொப் பூட்ட யாருக்கு அனுமதி? கார்ட் இல்லாதவர் செய்யலாமோ?

ஹாரோ_மல்லிகை
எல்லாருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில நாலு வீடு உள்ள கட்டடத்தில முதலாம் மாடி பிளாட். கிச்சின் மாத்திறம். இப்ப இருக்கிறது நிலத்தில நிக்கிற காஸ் குக்கர், பின்னால பயனெட்டில (தள்ளித் திருகிக் கொழுவுற காஸ் இணைப்பு) கொழுவியிருக்கு. அதை எடுத்திட்டு வேர்க்டொப்பில பதிக்கிற நாலு பேர்ணர் ஹொப் போடப் போறம். அலுமாரி பூட்டுறவர் காஸையும் தானே இணைச்சுத் தாறன் எண்டுறார். காஸ் சேஃப் எண்ட, காஸ் வேலைக்காரரின்ர அதிகாரபூர்வப் பதிவேட்டில அவர் இல்லை, அந்தக் கார்டும் இல்லை. "பயனெட் கழட்டிப் பூட்டக் கார்ட் தேவையில்லை, சட்டத்திலேயே இருக்கு" எண்டு சொல்லுறார். இது சரியோ? சொந்த வீடுதானே, நானே செய்தால் பிழையோ? இன்னொண்டு, பொயிலரின்ர பிரஷர் அடிக்கடி இறங்குது. மூடியைத் திறந்து பார்க்கலாமோ?

நீலச்சுடர்
அவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மைதான். 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகளில் "வேலை" என்ற சொல்லுக்குத் தனி வரையறை உண்டு. பொருத்துவது, திரும்ப இணைப்பது, துண்டிப்பது, பழுது பார்ப்பது, சர்வீஸ், குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது எல்லாமே வேலை. பயனெட் மாதிரித் தானாக மூடிக்கொள்ளும் இணைப்பைக் கழற்றுவதும் கொழுவுவதும் மட்டும் விலக்கு. குக்கரை இழுத்துப் பின்னால் துடைக்க அதைக் கழற்றலாம், திரும்பக் கொழுவலாம். பழையதை வெளியே எடுத்து வைப்பதிலும் பிழையில்லை.

உங்கள் ஹொப் இந்த விலக்கில் வராது. பதிக்கிற ஹொப்பைப் பெரும்பாலும் செப்புக் குழாயால் நேரே இணைப்பார்கள். பயனெட்டை வெட்டி எடுத்து, குழாயை நீட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வால்வ் வைக்க வேண்டும். இதில் ஒவ்வொன்றும் "வேலை". கூலிக்கோ தொழிலாகவோ செய்பவர் காஸ் சேஃப் பதிவில் இருந்தே ஆகவேண்டும். 2009 ஏப்ரல் 1 வரை இந்தப் பதிவு கோர்கி என்ற அமைப்பிடம் இருந்தது. ஆகவே யாராவது "எனக்குக் கோர்கி இருக்கு" என்று சொன்னால் அது இன்று செல்லாது.

சொந்த வீடு பற்றி: தொழிலாகச் செய்யாதவருக்குப் பதிவு கட்டாயம் என்று விதி சொல்லவில்லை. ஆனால் தகுதி இல்லாத எவரும் காஸ் வேலை செய்யக் கூடாது என்று விதி 3 தொடக்கத்திலேயே சொல்கிறது. காசு வாங்காமல் உதவிக்குச் செய்கிற நண்பருக்கும் அதே விதிதான். மீறினால் 1974ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை, சிறையும் உண்டு.

ஹாரோ_மல்லிகை
நன்றி அண்ணா. அவர் சோப்பு நுரை போட்டு லீக் பார்ப்பன் எண்டுறார். அது காணாதோ?

நீலச்சுடர்
காணாது. நுரை காட்டுவது நீங்கள் நுரை பூசிய மூட்டை மட்டும். தரைக்குக் கீழே போகும் குழாயோ பழைய மூட்டோ கசிந்தால் அது தெரியாது. முறையான சோதனை மீற்றரில் கேஜ் வைத்துச் செய்வது. முதலில் 7 முதல் 10 மில்லிபார் வரை ஏற்றி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். ஊசி தானாக ஏறினால் மீற்றர் பக்க வால்வே சரியாக மூடவில்லை என்று அர்த்தம், அதற்குப் பிறகு எடுக்கும் எந்த அளவும் நம்பத் தக்கதல்ல. பிறகு 20-21 மில்லிபாருக்கு ஏற்றி, ஒரு நிமிடம் அடங்க விட்டு, இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். குழாய் மட்டும் என்றால் ஊசி அசையவே கூடாது.

அதோடு முடியாது. சாதனத்தில் வேலை செய்தவர் அந்த இடத்திலேயே எரிகாற்று போதுமா, அழுத்தம் அல்லது வெப்ப அளவு சரியா, பாதுகாப்பாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி 26(9). ஹொப்புக்குப் போகும் குழாயைப் பொயிலர் குழாயிலிருந்தே பிரித்து எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மீற்றரிலிருந்து சாதனம் வரை அழுத்த இழப்பு 1 மில்லிபாருக்கு மேல் போகக் கூடாது. பழைய 15 மி.மீ. குழாயில் கொம்பி பொயிலரும் (ஹீட்டிங்கும் வெந்நீரும் சேர்த்துத் தருவது) ஹொப்பும் சேர்ந்து எரியும்போது அது தாண்டிவிடும். அலுமாரி பூட்டுறவரிடம் இதை அளக்கிற கேஜ் இருக்காது.

உங்களுடையது பல வீட்டுக் கட்டடம். எல்லாப் பேர்ணரிலும் சுடர் அணைந்தால் காஸை நிறுத்தும் கருவி உள்ள ஹொப்பைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் பாருங்கள், மலிவான சிலவற்றில் இருக்காது.

பலகைவேலை
அலுமாரி வேலைக்காரரை நிறுத்தத் தேவையில்லை தங்கச்சி. வேர்க்டொப்பை வெட்டி ஹொப்பை வைத்து, இணைக்காமல் விடுவது அவருடைய வேலைதான். ஆனால் காஸ்காரர் இரண்டு தரம் வர வேண்டும். அலுமாரி ஏற முதல் குழாய் போட ஒரு தரம், ஹொப் வைத்த பிறகு இணைத்துச் சோதிக்க ஒரு தரம். முதல் வரவைத் தவிர்த்தால் அலுமாரிப் பின்பலகையை வெட்டித்தான் குழாய் போகும். குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் உறை வேண்டும், வால்வ் இழுப்பறைக்குப் பின்னால் மறையக் கூடாது.

நீலச்சுடர்
வருகிறவரின் கார்டை வாங்கி பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் படம், 7 இலக்க எண், காலாவதித் திகதி. பின்பக்கத்தில்தான் எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யலாம் என்று இருக்கும். பொயிலருக்கு மட்டும் தகுதி உள்ளவர் ஹொப்பில் கை வைக்கக் கூடாது. வீட்டுக் குக்கருக்குத் தகுதி உள்ளவர் உணவகச் சமையலறையில் வேலை செய்யக் கூடாது, அதற்குத் தனிப் பரீட்சை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மீண்டும் பரீட்சை எழுதி எடுக்க வேண்டும். கொழும்பு அனுபவம், சென்னை அனுபவம் எதுவும் அந்தப் பரீட்சைக்குப் பதிலாகாது. எண்ணைக் காஸ் சேஃப் இணையத்தளத்திலோ 0800 408 5500 இலோ சரிபார்க்கலாம்.

பொயிலர் மூடி: திறக்காதீர்கள். பல பொயிலர்களில் அந்த மூடியே எரியறையின் காற்றுப்புகா அடைப்பின் பகுதி. ரப்பர் சரியாக உட்காராவிட்டால் புகைக்காற்று வீட்டுக்குள் வரும். ஆனால் நீங்களே கவனிக்கக்கூடியது ஒன்று உண்டு. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை நிரப்பி, ஹீட்டிங்கைப் போட்டுக் கேஜைப் பாருங்கள். 3 பாரை நெருங்கி ஏறி, ஆறியதும் பூச்சியத்துக்கு விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் தாங்கி) காற்று இறங்கியிருக்கிறது. வெளிச்சுவரில் உள்ள சிறு செப்புக் குழாய் சொட்டும். ஏறாமலே மெல்ல மெல்ல இறங்கினால் ரேடியேற்றர் வால்வ்கள் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பக்க ஒழுக்கைச் சாதாரண பிளம்பரே சரிசெய்யலாம்.

வெம்ப்ளி_கேஸ்
குறுக்கே ஒரு கேள்வி. ஊர்ல வாங்கின ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுப்பை இங்க மாட்ட முடியுமா?

நீலச்சுடர்
வேண்டாம். அது சிலிண்டர் காஸுக்குச் செய்த அடுப்பு, அழுத்தம் சுமார் 30 மில்லிபார். இங்கே குழாயில் வருவது இயற்கை வாயு, சுமார் 20. ஒரே கன அளவில் சிலிண்டர் காஸின் வெப்பம் இரண்டரை மடங்கு, அதனால் அந்த அடுப்பின் ஜெட் துளை சிறியது. இங்கே மாட்டினால் சுடர் நோஞ்சானாக எரியும். துளையை ஊசியால் பெரிதாக்கினால் காற்றுக் கலவை கெட்டுக் கார்பன் மொனொக்சைட் வரும். பதிவுள்ளவர் யாரும் இங்கத்தைய முத்திரை இல்லாத அடுப்பைப் பொருத்த மாட்டார்.

ஹாரோ_மல்லிகை
கடைசியாக ஒண்டு. ஒரு அறையை மாணவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறம். அதுக்கும் ஏதும் இருக்கோ?

நீலச்சுடர்
இருக்கிறது. அறை மட்டும் விட்டாலும் சட்டப்படி நீங்கள் வீட்டை வாடகைக்கு விடுபவர்தான். 12 மாதத்துக்கு ஒரு முறை பதிவுள்ளவர் காஸ் சாதனங்களைச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைப் பதிவின் பிரதியை 28 நாளுக்குள் மாணவருக்குக் கொடுக்க வேண்டும், அடுத்த இரண்டு சோதனைகள் முடியும் வரை நீங்கள் வைத்திருக்க வேண்டும். ஆட்கள் இந்தப் பதிவை இன்னும் சிபி12 என்றுதான் கேட்பார்கள், கோர்கிக் காலத்துப் பெயர். ஹொப் இணைக்க வரும் நாளிலேயே பொயிலரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தகுதி உள்ளவரா என்று அழைக்கும்போதே கேளுங்கள்.

அலுமாரி பூட்டுறவர் ஏற்கெனவே குழாயை வெட்டியிருந்தால், மீற்றர் பக்க வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடிவிட்டுப் பதிவுள்ள ஆளை அழையுங்கள். மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 0800 111 999.