பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) இறையியல் மேற்படிப்பில் சேர என்ன வேண்டும்?

இயேசுவுக்கே புகழ்! என் தங்கை குழித்துறை மறைமாவட்டத்துப் பிள்ளை. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி எடுக்கிறாள். கன்னியர் மடத்தில் சேரும் எண்ணமில்லை, ஆனால் கத்தோலிக்க இறையியலை முறையாகப் படித்தே தீருவேன் என்கிறாள். அம்மாவுக்குத்தான் 'அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்' என்ற கவலை. அது நியாயமான கவலைதான்.

விசாரித்ததில், திருப்பீட (வத்திக்கான்) அங்கீகாரம் பெற்ற இடங்களில் லைசென்ஷியேட் என்ற இரண்டாண்டு மேற்படிப்புக்கு இறையியல் இளநிலைப் பட்டம் வேண்டும். அதற்கும் முன்னால் இரண்டு ஆண்டு மெய்யியல் (தத்துவம்). கணிதப் பட்டத்தை வைத்து நேரே நுழைய வழியில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் எம்.ஏ. உண்டு, ஆனால் அது திருச்சபைப் பட்டம் ஆகாது.

பெங்களூரு தர்மாராம், புனித பேதுரு நிறுவனம், புனே ஞானதீபம் ஆகிய இறையியல் நிறுவனங்களில் படித்த பொதுநிலையினர், குறிப்பாகப் பெண்கள், யாராவது இங்கே இருக்கிறீர்களா? மெய்யியலைச் சுருக்கமாக முடிக்க விடுகிறார்களா? பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் போதுமா, ஆயர் இல்லத்திலிருந்தே வாங்க வேண்டுமா? லத்தீன் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா? அப்புறம், பெண்களுக்கு விடுதி எப்படி? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் என்றால் நேரிலேயே வந்து பார்க்கிறோம்.