புதுப்பிப்பு: புகையில் உலர்த்தும் மாட்டுக்கறியும் அதற்கான விறகும்

வேலூரில் வீட்டு மாடியில் புகைபோட்டு மெல்லிசான மாட்டுக்கறி உப்புக்கண்டம் செய்ய எந்த விறகு நல்லது, கறியை எப்படி வெட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம் இது.

விறகுதான் பாதி வேலை. வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) விறகைப் பிளந்து, பட்டையை உரித்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிக் காயவிட்டேன். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அப்படிக் காய்ந்த இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். அப்போதுதான் புகை மெல்லிய நீலமாக வரும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் கறி கசந்துவிடும். அமெரிக்காவில் இறைச்சிக்குப் புகைபோடும் மெஸ்கிட் மரம் வேலிக்காத்தானுக்கு உறவுதான். காட்டம் அதிகம் என்பதால் நான் கொய்யாக் கட்டையும் சேர்க்கிறேன், அந்த வாசனை அருமை. வேப்பங்கட்டை மட்டும் வேண்டாம்.

அப்புறம் கறி. கொழுப்பில்லாத தொடைக்கறியை ஃப்ரீசரில் பாதி உறையவிட்டு 4 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டினால் சீராக வரும். உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு தடவி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில்.

தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்: உலர்த்துவதற்கு முன்பே கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். காய்ந்த பிறகு சூடேற்றினால் கிருமிகள் எளிதில் சாகாது. நன்றாக உலர்ந்த துண்டு வளைத்தால் கீறல் விடும், முறியாது.

அடுத்து பக்ரீத் கறியில் செய்யப்போகிறேன்.